மூன்றாவது தட்டு

என் புருஷன் அன்ரோ செத்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல்நாள், மத்தியான வெயிலில், அவருடைய வலையை எடுத்துவர வின்சன்ற் அண்ணனின் பட்டறைக்குப் போனேன். தன்னாமுனையில் தோணி எஞ்சின் திருத்துகிறவர். என் புருஷனோடு ஒரே தோணியில் தொழிலுக்குப் போனவர்.

உள்ளே ஒரே சேற்று நாற்றம். நடுவில், மரக்குற்றிகளின் மேல், என் புருஷனைத் தின்ற, பிறகு வலையோடு சேர்த்துக் கரையேற்றிய அந்தச் சாமான் இருந்தது. உலக யுத்தத்தில் வாவிக்குள் விழுந்த வெள்ளைக்காரரின் விமான எஞ்சின். ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக நின்றன. காற்றுப் பட்டுச் சூடாறவென்று ஒவ்வொன்றையும் சுற்றித் தகடு தகடாக வரிகள். அந்த வரிகளில்தான் அன்றைக்கு வலை சிக்கியது. மிச்சம் தோணி எஞ்சினின் காற்றாடியில் சுற்றிக்கொள்ள, அதை வெட்ட அன்ரோ தண்ணீருக்குள் இறங்கினார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். இறங்கினவர் கையை எடுத்துவிட்டுத் தோணியில் மூன்று தரம் தட்டுவார். மூன்றாவது தட்டுக் கேட்காமல் எவரும் எஞ்சினை இயக்குவதில்லை.

அன்ரோவின் கை காற்றாடிக்குள் இருக்கும்போதே அது இயங்கியது. கரைக்கு வரமுதல் இரத்தம் முடிந்துவிட்டது.

"அவர் தட்டினவரா அண்ணன்?"

"ஓம் புள்ள. மூணு தரம். கேட்டுத்தான் எஞ்சின் கயிற இழுத்தன். அவன்தான் அவசரப்பட்டுத் திரும்பக் கைய வச்சிட்டான்."

ஊர் முழுக்க இதையே சொல்லித் திரிந்தார். பழியைச் செத்தவர் தலையில் போட்டார்.

"அதுல கைய வச்சிச் சொல்லுங்க."

எஞ்சினில் வளைந்த காற்றாடி இறகு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. எஞ்சினைத் தொடாமல், அந்த இறகின் கீழே மரக்குற்றியில் கையை ஊன்றினார்.

"அந்தோனியார் மேல ஆணை. தட்டினவன்."

டக்.

சத்தம் எஞ்சினுக்குள்ளிருந்து வந்தது.

டக்.

மூன்றாவது வரவில்லை.

எண்பது வருடம் தண்ணீரில் கிடந்து இறுகிய இரும்பு. பிளக் இல்லை, எண்ணெய் இல்லை. அது சுழன்றது. இறகு அவருடைய விரல்களின் மேல் இறங்கியது.

"தட்டல்ல! அவன் தட்டல்ல! நான்தான் பாக்காம இழுத்தன்!"

இறகு நின்றது. அவர் கத்தினது ஓடிவந்த அயலவர் எல்லோருக்கும் கேட்டது. நான் அவருக்கு உதவக் குனியவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமுமில்லை.

நான்கு விரல்கள் போயின. எஞ்சினைத் திரும்ப வாவிக்குள் போடச் சொன்னார்கள் ஊரார். நான் என் வீட்டு வளவில் இறக்குவித்தேன்.

வின்சன்ற் கோயிலுக்குப் போக எங்கள் வேலியோரம் வரும்போது மட்டும் அதற்குள் சத்தம் கேட்கிறது. இரண்டு தட்டு.

மூன்றாவதற்கு நானும் காத்திருக்கிறேன்.