ஆள் கிட்டங்கி

குளத்தில் மீன் துள்ளி விழுந்தது, சத்தம் வரவில்லை. பேபி அதைத்தான் முதலில் கவனித்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை மாதம். ஓட்டப்பிடாரத்துக்குக் கிழக்கே, மழை குடித்துக் கறுத்துக் கிடந்த கரிசலின் நடுவில் அந்தப் பழைய பங்களா நின்றது. சுற்றிலும் பால்பிடித்த கம்பு அலையலையாகச் சாய்ந்து எழுந்தது. குளம் நிறையத் தாமரை. வெள்ளைத் தூண்களில் மாலை வெயில் மஞ்சளாக வழிந்தது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் அவள் கணவன் பூவனநாதன் அதை வாங்கப்போகிறான். இவ்வளவு அழகான இடம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவன், அரைமணி நேரமாகியும் திரும்பவில்லை.

டிரைவர் சங்கிலிப்பாண்டி காரைவிட்டு இறங்கவே இல்லை. ஏன் என்று அவள் கேட்டதற்கு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினான்.

"இதுக்குப் பேரு ஆள் கிட்டங்கிம்மா. நூறு வருசத்துக்கு முந்தி, பஞ்சகாலத்துல கப்பல்கார வெள்ளைக்காரன் கட்டுனது. சோத்துக்கில்லாத சனத்த வெலைக்கு வாங்கி, கிட்டங்கில சரக்கு அடுக்குற மாதிரி இங்கன அடச்சு வப்பானாம். பொறவு தூத்துக்குடி கொண்டுபோயி கப்பல்ல ஏத்திருவான். போனவிய ஒருத்தரும் திரும்பல."

அந்த வெள்ளைக்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததெல்லாம் உள்ளூர்க்காரர்கள்தான், சொந்தப் பெண்டாட்டியை விற்றவனும் உண்டு என்றான்.

"ஒங்க மொதலாளி கிட்ட இதச் சொன்னியா?"

"சொன்னேன். சிரிச்சாவ."

கணவனைக் கூட்டிவரலாம் என்று பேபி படியேறினாள்.

உள்ளே ஒரே நீளக் கூடம். எத்தனையோ வருஷமாக ஆள் புழங்காத அந்தக் கூடத்தில் வியர்வையும் மூத்திரமும் எண்ணெய் காணாத தலைமுடியும் புளித்த கஞ்சியும் கலந்த ஒரு நெடி, இப்போதுதான் யாரோ எழுந்துபோன பாய் மாதிரி சூடாக எழுந்து அவள் முகத்தில் அடித்தது. சுவர் மேலே காரை பெயர்ந்து கிடந்தது. ஆனால் தரையிலிருந்து இடுப்புயரம் மட்டும், முதுகுகள் சாய்ந்து சாய்ந்து தேய்த்ததுபோல வழுவழுவென்று மின்னியது. தொட்டுப் பார்த்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏங்க..."

அதுவரை கூடத்தில் ஒரு மூச்சுச் சத்தம் இருந்திருக்கிறது. அது நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு மூச்சு இல்லை. நிறைய. எல்லாம் சேர்ந்து அடக்கிக்கொண்டன.

சுவரோரம் துணி உரசியது. எலும்பு தரையில் தேய்ந்தது. யாரும் இல்லை. ஆனாலும் நெருக்கி உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பக்கமும் நகர்ந்து இடம் விடுகிற ஓசை.

ஒரு ஆளுக்கான இடம்.

திரும்பினாள். வாசலில் வெயில் இல்லை. வெளியே கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. வாசலை நோக்கி ஓரடி வைத்தபோது பின்னால் காலடி கேட்டது.

கூடத்தின் கோடியிலிருந்து பூவனநாதன் வந்தான். அவன்தான். அதே சட்டை, அதே நடை. நெஞ்சு கொஞ்சம் தணிந்தது. போயிருவோம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவன் அவள் தாடையைப் பிடித்தான். கட்டைவிரலைப் பல்லிடுக்கில் கொடுத்து வாயைத் திறந்தான். முகத்தை இந்தப் பக்கம் சாய்த்தான். அந்தப் பக்கம் சாய்த்தான். மாட்டைப் பார்ப்பதுபோல.

"பல்லு நல்லாருக்கு," என்றான்.

அவளிடம் சொல்லவில்லை.

பிடியை விடாமலே, மற்றக் கையைத் தனக்குப் பின்னால் இருந்த இருட்டுக்குள் நீட்டினான். உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.