தின்னாத தீனி

காலையில் போட்ட தீனி மதியம்வரை தொட்டியின் அடியில் அப்படியே கிடந்தது. மீன்களின் வயிறோ புடைத்திருந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தின் மீன் அறையை ஏழு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஜன்னல் இல்லாத அறை. அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள், குழாய்களில் ஓயாமல் சொட்டும் நீர், மோட்டாரின் முனகல், எந்தச் சோப்புக்கும் கையைவிட்டுப் போகாத பாசி வாடை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கோடு போட்ட மீன்கள். இதுவரை அவற்றுக்கு மீன் தூளில் செய்த தீனிதான். கடலிலிருந்து எத்தனை நாளைக்கு மீனை அள்ளுவது என்று இப்போது வேறு புரதங்களைச் சோதித்தார்கள். ஒரு வரிசைக்கு சோயா, ஒரு வரிசைக்கு ஈஸ்ட். கடைசித் தொட்டியின் பதினாறு மீன்களுக்கு மட்டும், ஈப்புழுவை உலர்த்தி அரைத்த பழுப்புத் தூள்.

அந்தத் தொட்டியில்தான் ஒரு துகள்கூடக் குறையவில்லை. திங்கட்கிழமை எடை போட்டபோது எல்லாவற்றையும்விட அவைதான் கனத்தன.

"மேடம், அதுங்க தீனியைத் தொடவே இல்ல," என்றாள்.

தலைமை விஞ்ஞானி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தின்னாம எப்படிம்மா எடை ஏறும்? காத்தைக் குடிச்சா வளருதுங்க? நீ அந்தப் பக்கம் போனதும் தின்னிருக்கும். மாசமா இருக்கிற பொண்ணு, கண்டதையும் நினைச்சு மனசைக் குழப்பிக்காத."

ஆறாம் மாதம். அந்த வாரம் ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையில் திரும்பத் திரும்ப அளந்தார். "நாள் கணக்குக்குக் குழந்தை எடை போதல. நல்லா சாப்பிடணும்." அன்றிலிருந்து கணவன் அவள் தட்டுக்குக் காவல் இருந்தான். "இன்னும் ரெண்டு வாய்," என்பான். அவளும் வயிறு முட்டச் சாப்பிட்டாள். அடுத்த ஸ்கேனில் குழந்தை இம்மிகூட வளர்ந்திருக்கவில்லை.

மறுநாள் முதல் அந்தத் தொட்டிக்கு அவள் தீனி போடுவதையே நிறுத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை. மீன்கள் இன்னும் பெருத்தன. அவள் நடந்தால் மற்ற தொட்டிகளின் மீன்கள் தீனிக்காக அவள் கையையே தொடர்ந்து வரும். இந்தப் பதினாறும் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வயிற்றின் உயரத்தில் கண்ணாடியோடு ஒட்டி வரிசையாக நின்றன. வாய்கள் மெல்லத் திறந்து மூடின. உறிஞ்சுவதுபோல.

"என்னங்க, அந்த மீனுங்க நம்ம பிள்ளையைத் தின்னுதுங்க," என்றாள் வீட்டில்.

அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "நாளையிலேர்ந்து லீவு போடு," என்றான்.

போட்டாள். நான்கு நாள் கழித்து மேடம் தொலைபேசியில் அழைத்தார். "உன் கடைசித் தொட்டி இருக்கே, இந்த வாரம் வளர்ந்த மாதிரி எப்பவுமே வளர்ந்ததில்ல."

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் போனபோது ஆராய்ச்சிக்கூடத்தில் வாசல் காவலாளி மட்டும். சோதனை முடிந்த மீன்களை வலியில்லாமல் உறங்கவைத்து முடிக்க, அலமாரியில் கிராம்பு எண்ணெய் இருக்கும். அளவு பார்க்காமல் கடைசித் தொட்டியில் ஊற்றினாள். இனிப்பும் காரமுமாக வாடை மூக்கில் ஏறியது. மீன்கள் தள்ளாடின. ஒன்று சாய்ந்தது. இன்னொன்று மல்லாந்தது. செவுள்கள் மெதுவாயின.

அவள் வயிற்றுக்குள் காலையிலிருந்து புரண்டுகொண்டிருந்த அசைவும் மெதுவானது.

நின்றது.

கையை வைத்து அழுத்தினாள். "தங்கம், அம்மாவை ஒரு உதை உதைடா."

ஒன்றுமில்லை.

வலை எங்கே? கிடைக்கவில்லை. வெறுங்கையால் வாரினாள். நல்ல நீர் இருந்த வாளியில் போட்டாள். மூன்று. ஏழு. ஒன்று வழுக்கித் தரையில் விழுந்தது. அடிவயிற்றில் சுரீரென்றது. அள்ளினாள். பன்னிரண்டு. பதினாறு. மண்டியிட்டு, நீரை விரல்களால் அவற்றின் வாய்க்குத் தள்ளினாள்.

"பிழைச்சுக்குங்க. பிழைச்சுக்குங்க, கண்ணுங்களா."

ஒரு செவுள் அசைந்தது. இன்னொன்று. வயிற்றுக்குள், ஆழத்தில், மெல்ல ஒரு புரளல்.

வாளியின் விளிம்பில் நெற்றியை வைத்து அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது பதினாறும் நிமிர்ந்திருந்தன. நீர்மட்டத்துக்கு வந்து, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மீனுக்கு இமை கிடையாது. ஏழு வருடம் ஆயிரக்கணக்கில் பார்த்தவள், அவளுக்குத் தெரியாதா.

கறுத்த கண்களின் மேல் மெல்லிய தோல் இறங்கியது. பால் குடித்து முடித்த பிள்ளைகளைப்போல, பதினாறும் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டன.