பன்னிரண்டாவது அட்டை

"பன்னெண்டா? நல்லா எண்ணுங்கக்கா. நாங்க பதினோரு பேர்தான்."

ஐந்தாம் வகுப்பு ஃபூக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். முத்திரைக் கட்டையைப் பெட்டிக்குள் வைக்கப்போன மியாபியின் கை பாதியில் நின்றது.

"ஒவ்வொண்ணுக்கும் வாய்விட்டு எண்ணிக்கிட்டேதானே குத்தினேன். பன்னெண்டு வந்துச்சு."

"காலேஜ்ல கூட்டல் சொல்லித்தர மாட்டாங்களா?"

"அக்கா தூங்கிக்கிட்டே குத்துறாங்கடி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். மியாபியும் சிரித்துவிட்டு, விரலை நீட்டித் தொப்பிகளை எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான்.

ஆனால் "பன்னெண்டு" என்று சொன்னதை அவள் நாக்கு மறக்கவில்லை. அந்த அட்டையை நீட்டியது யார் என்பதுதான் நினைவில் இல்லை. முகமே இல்லை. தண்ணீரில் நனைத்த ரொட்டித் துண்டைப் போல அட்டை விரலுக்கடியில் அமுங்கியது மட்டும் நினைவிருந்தது.

கோடை விடுமுறைக்கு விடுதித் தோழிகள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மியாபி போகவில்லை. பல்கலைக்கழகப் பின்வாசலை ஒட்டிய தெருவில் ஒரு சின்ன அறை எடுத்துக்கொண்டு, இந்தக் கோடையில் ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது என்று குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஏழு தீர்மானங்களை ஒட்டி வைத்திருந்தாள். முதலாவது, விடியலில் எழுவது. அதற்காகத்தான் தெருப் பூங்காவில் ஆறரை மணிக்கு நடக்கும் வானொலி உடற்பயிற்சியில் பிள்ளைகளோடு போய் நின்றாள். இரண்டாம் நாளே தெருச் சங்கத் தலைவி ஒகசவாரா அம்மா பிடித்துக்கொண்டார். "தினமும் வர்றல்லம்மா? அப்ப முத்திரையையும் நீயே குத்திடு. எனக்கு முட்டி வலி."

வேலை பெரிதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் கயிற்றில் ஓர் அட்டை தொங்கும். நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு சிவப்புப் பூ. ஆகஸ்ட் கடைசி நாளில் அட்டை நிறைந்தவர்களுக்குப் பரிசு.

மறுநாள் அவள் வரிசையைக் கவனித்தாள். முந்தின ராத்திரியின் புழுக்கம் மணலை விட்டு இன்னும் போகவில்லை, செர்ரி மரங்களில் சில்வண்டுகள் காதைத் துளைக்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தன, பிள்ளைகளின் கழுத்து வியர்வையும் கொசுமருந்தும் கலந்த வாசனை ஒவ்வொரு அட்டையோடும் வந்து வந்து போனது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டே வந்தபோது, பாசி மண்டிய தண்ணீர் வெயிலில் காய்கிற நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. நிமிர்ந்தாள். எதிரில் யாருமில்லை. பூங்கா வாசலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மைப்பெட்டியின் மூடியில் தண்ணீர் நின்றது.

அந்த வாரம் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள், ஆகஸ்ட் முப்பதாம் தேதி, பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மழை பெஞ்சா நாங்க என்னக்கா பண்றது? ரெண்டு கட்டம் காலியா நிக்குது."

"எனக்கு ஆறு கட்டம். ஓபோன் பண்டிகைக்கு ஊருக்குப் போயிட்டோம்."

"இவனுக்கு ஊர்லாம் இல்லக்கா, தூங்கிட்டான்."

அவளுக்கு உற்சாகமாக இருந்தது. நல்ல அக்கா என்று பெயர் வாங்க இதைவிட என்ன வேண்டும்? "சரி, விட்டுப்போன கட்டம் எல்லாத்துக்கும் குத்திடறேன். நீட்டுங்க."

டப். டப். டப். குனிந்த தலை நிமிராமல் குத்தினாள். ஒருவனுக்கு ஆறு, ஒருத்திக்கு மூன்று. கடைசியாக வந்த அட்டையில் ஏகப்பட்ட கட்டங்கள் காலியாகக் கிடந்தன. வேகம் கையில் ஏறியிருந்ததால் அதையும் யோசிக்காமல் வரிசை வரிசையாக நிரப்பினாள். முப்பத்தொன்றாம் தேதிக் கட்டத்தை மட்டும் விட்டாள். அன்றைக்கு வந்தால்தான் அது.

அப்புறம்தான் விரல் உணர்ந்தது. அட்டை நனைந்திருந்தது.

கயிற்றின் மறுமுனையில் ஒரு சின்னக் கை. நகமெல்லாம் வெளுத்து, குளித்துக் குளித்து ஊறிப்போன மாதிரித் தோல் சுருங்கியிருந்தது. அவள் கண்ணை மேலே கொண்டுபோவதற்குள் கயிறு நழுவிவிட்டது.

அன்று வீடு திரும்பும்போது தைச்சி கூடவே வந்தான். ஒன்றாம் வகுப்பு. அவன் அம்மா நான்கு மணிக்கே ரொட்டிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். அதனால் பூங்காவுக்குத் தனியாகத்தான் வருவான், மியாபி வாங்கித் தரும் பார்லி டீயைப் பாதி குடித்துவிட்டு மீதியை எறும்புக்கு ஊற்றுவான்.

"அக்கா, அவனுக்கும் குத்திக் குடுத்தீங்கல்ல? ரொம்ப சந்தோசமா இருக்கான்."

"யாருக்கு?"

"கடைசியா நிப்பானே. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கியாம். அட்டை ரொம்பினதும் என்னை அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறானாம். அதான் அவனுக்குப் பரிசு."

"வீடு எங்கடா?"

தைச்சி கையை நீட்டினான். பல்கலைக்கழக வேளாண்துறைக் கட்டடத்துக்குப் பின்னால், கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், பழைய பாசனக் குளம் பச்சையாகக் கிடந்தது.

"வாசல் கிடையாதாம்க்கா. மேலேருந்து இறங்கணுமாம்."

அவள் ஒகசவாரா அம்மாவிடம் ஓடினாள். அவர் தர்பூசணி நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "பிள்ளைங்க ஆயிரம் சொல்லும். வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு உனக்கு. இந்தா, சாப்பிடு." கடைசி நாளை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, பரிசெல்லாம் வாங்கியாகிவிட்டது என்றார்.

அன்று சாயங்காலமே தைச்சியின் அம்மாவைப் பார்த்தாள். நாளைக்கு அவனை வெளியே அனுப்பாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாள். காரணம் சொல்ல வரவில்லை.

"நான் நாலு மணிக்குப் போயிடுவேம்மா. பூட்டி வச்சா ஜன்னல் வழியா குதிச்சிடுவான், முந்தியே குதிச்சிருக்கான். உங்ககூட நின்னா எனக்கு நிம்மதி. கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று மாவு படிந்த கையைக் கூப்பினாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்றாள் மியாபி.

மறுநாள் காலை முத்திரைக் கட்டையை அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் பூங்காவுக்குப் போனாள். கட்டை இல்லையென்றால் கட்டம் நிறையாது. அவ்வளவுதான். அந்த ஒரு கட்டம் காலியாக இருக்கும்வரை தைச்சி இருப்பான்.

பயிற்சி முடிந்தது. தைச்சியின் கையை இறுக்கிப் பிடித்தபடி வானொலியை அணைத்தாள்.

"இன்னிக்கு முத்திரை இல்ல. கட்டையைக் காணோம். ஆனா பரிசு எல்லாருக்கும் உண்டு."

"என்னக்கா இது" என்று முனகினாள் ஃபூக்கா. "முப்பது நாள் எழுந்து வந்தோம், ஒரு நாள் கட்டையைக் கொண்டுவர முடியலியா?"

சில்வண்டுகள் நின்றன. எல்லாம் ஒரே நேரத்தில்.

அணைத்த வானொலி பேசியது. தினமும் கேட்கிற அதே இனிமையான ஆண்குரல், அதே பியானோ.

"கடைசியாக, ஆழ்ந்த மூச்சு. கைகளை மெல்ல உயர்த்தி, மூச்சை இழுங்கள்."

பதினொரு ஜோடிக் கைகள் உயர்ந்தன. தைச்சியின் கை அவள் பிடியிலிருந்து ஈரச் சோப்பு மாதிரி வழுக்கி மேலே போனது.

"இழுங்கள்."

அடுத்து விடச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"இழுங்கள்."

மின்கலங்களைப் பிடுங்கி எறிந்தாள். மணலில் விழுந்தன. குரல் நிற்கவில்லை.

"இழுங்கள்."

"விடுங்க. எல்லாரும் மூச்சை விடுங்க."

யாரும் விடவில்லை. ஃபூக்காவின் கன்னம் உப்பியிருந்தது. உதடு நீலம். தைச்சியின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வரவில்லை. மரக்கிளை மாதிரி விறைத்திருந்தது. கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. அந்த ஆறு வயதுக் கண்களில் தண்ணீர்.

உயர்ந்த கைகளுக்கு நடுவே ஒருவன் மட்டும் கையைத் தூக்காமல் நின்றான்.

வெள்ளைச் சட்டை. நெற்றியில் ஒட்டிய முடி. முகவாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மணல் நனையவில்லை.

அட்டையை நீட்டினான். எல்லாக் கட்டத்திலும் சிவப்புப் பூ. ஒன்றில் மட்டும் இல்லை.

"கட்டை இல்ல" என்றாள்.

அவன் பொறுமையாக அவள் வலது கையைத் தூக்கினான். பனிக்கட்டி விரல்கள். ஒவ்வொரு விரலாக மடக்கி, கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தி வைத்தான். ஒரு மாதம் மை தொட்டுத் தொட்டு, கழுவியும் போகாத சிவப்பு. அதில் இப்போது புது ஈரம்.

விரலுக்கும் கட்டத்துக்கும் ஓர் அங்குலம்.

பின்னால் ஒரு பிள்ளை மணலில் மண்டியிட்டது. கைகள் இறங்கவில்லை.

குத்தினால் தைச்சி போவான். குத்தாவிட்டால் பதினோரு பேரும், அதிலும் தைச்சி.

"இழுங்கள்" என்றது வானொலி.

நீங்களே சொல்லுங்கள், அந்த ஓர் அங்குலத்தை நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?