செம்புக் குழாய் உருகவில்லை

தொலைபேசி அலறியது!

நாரந்தனையில் மின்வாகனங்கள் திருத்தும் கராஜ் நடத்தும் கஜனி எடுத்தாள்.

"உம்மட்டைத் திருத்தின வான் எரிஞ்சுபோச்சு!" வான் முதலாளி மிரோஜன் கத்தினான். "ட்றைவர் றஜீபன் உள்ளுக்கை...!"

ஓடினாள்.

சுருவில் றோட்டில் மின்சார வானின் பின்பாதி கருகிக் கிடந்தது. அம்புலன்ஸ் போய்விட்டிருந்தது.

"றஜீபன் செத்திட்டான்! இன்ஸ்பெக்டரே சொல்லிட்டார்!" மிரோஜன் அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டினான். "பற்றறியைக் குளிராக்கிற குழாய் பூட்டினது நீர்தானே? பிழையை ஒத்துக்கொள்ளும்!"

"ஏலாது!"

"உம்மடை கராஜை இழுத்து மூட வைப்பன்!"

"மூடிப் பாரும்!"

அங்கே நின்ற இன்ஸ்பெக்டர் தனேஸ் அனுமதித்துத் தலையசைக்க, கஜனி வானுக்கடியில் ஊர்ந்தாள். சூடு கையைப் பொசுக்கியது. விடவில்லை. ஒரு குழாய்த் துண்டோடு வெளியே வந்தாள்.

கரியைச் சுரண்டினாள்...

உள்ளே சிவப்பு!

"செம்பு, சேர்! நான் பூட்டினது அலுமினியம். அது எப்பவோ உருகியிருக்கும். ஆரோ மாத்தியிருக்கினம்!"

"மாத்தினா என்ன?" தனேஸ் கேட்டார்.

"பற்றறிக்குக் கீழை இருக்கிற தகடு அலுமினியம். அரிப்பைத் தடுக்கிற கூலன்ட்டையும் வடிச்சுப்போட்டு உப்புத் தண்ணி ஊத்தியிருக்கு. முன்னாலை இருக்கிற தண்ணித் தாங்கியிலை மிச்சம் உப்புப் பூத்துக் கிடக்கு, பாருங்கோ! உப்புத் தண்ணியிலை செம்போடை சேர்ந்தா அலுமினியம் அரிச்சு ஓட்டை விழும். தண்ணி பற்றறிக்குள்ளை இறங்கும். பிறகு... நெருப்பு!"

"உடனேயோ?"

"இல்லை. கிழமைக்கணக்கா எடுக்கும். பொறுமையான கொலைகாரன், சேர்!"

மிரோஜன் சிரித்தான்.

"றஜீபன்தான் மாத்தியிருப்பான். செத்தவனிட்டைப் போய்க் கேளுங்கோ!"

"கேட்டனான்," என்றார் தனேஸ்.

"எ... என்ன?"

"அவன் சாகேல்லை. கால்தான் எரிஞ்சது. நீர் என்ன கதைப்பீர் எண்டு பாக்கத்தான் செத்திட்டான் எண்டனான். போன மாதம் நீர் குழாயை மாத்தேக்கை ரோச் லைற் பிடிச்சவன் அவன்தானாம். ஏதோ திருத்த வேலை எண்டு நினைச்சானாம், பாவம்!"

மிரோஜன் ஓரடி பின்வாங்கினான்.

"உம்மடை கஞ்சாப் படகைப் பற்றி அவன் எங்களிட்டைச் சொல்ல வெளிக்கிட்டது உமக்குத் தெரிஞ்சுபோச்சு. என்ன?"

மிரோஜன் பாய்ந்தான். இரண்டு பொலிஸ்காரர் அமுக்கிப் பிடித்தார்கள். தனேஸ் விலங்கை எடுத்தார்.

"சேர், பொறுங்கோ!" பொசுங்கிய கையை ஊதியபடி கஜனி சொன்னாள். "முதல்லை அவரின்ரை தங்கக் கைச்சங்கிலியைக் கழட்டுங்கோ. ரெண்டு உலோகம் ஒட்டிக் கிடந்தா அரிச்சுப்போடும்... விலங்கு கனகாலம் கிடக்க வேணுமெல்லே!"