பிடரி இல்லாத வனராஜா

குருவிக்குக் கட்டைவிரல் வலித்தது. கத்திரி பட்டுப் பட்டுத் தோல் சிவந்து, தொட்டாலே எரிந்தது. காலையிலிருந்து அவள் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தைத்து முடித்த டி-ஷர்ட்டில் அங்கங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒட்ட வெட்டினால்தான் கடைச்சரக்கு மாதிரி இருக்கும்.

"அம்மா, கொஞ்சம் நிறுத்தட்டுமா?"

"நிறுத்தி?" அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

நிறுத்தி என்ன செய்வது என்று குருவி யோசித்திருக்கவில்லை. மறுபடியும் வெட்ட ஆரம்பித்தாள்.

அவர்களுக்கு இருந்தது ஒரே அறை. ஜன்னலோரம் அம்மாவின் மெஷின், துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக். தரையில் அப்பா துணி வெட்டுவார். சுவரோரம் டி-ஷர்ட் கட்டுகள். இரவில் குருவிக்கு அந்தக் கட்டுகள்தான் கட்டில். அண்ணன் உயரமாக வளர்ந்துவிட்டதால் அவன் காலை மடக்கி மெஷினுக்கு அடியில் விட்டுக்கொண்டு தூங்குவான்.

அப்பா கட்டிங் மாஸ்டர். இருபது வருஷம் ஒரே கம்பெனியில் துணி வெட்டினார். அந்தக் கம்பெனியின் சட்டைகளெல்லாம் கப்பலேறித் தூர தேசங்களுக்குப் போகும். ஒருநாள் கம்பெனி மூடிவிட்டது. கடைசி மாதச் சம்பளம் வாங்கப் போனவர்களுக்குக் கேட்டில் தொங்கிய பூட்டுதான் கிடைத்தது.

"அடுத்தவனுக்கு வெட்டின கை. இனிமே நமக்கு வெட்டட்டும்" என்றார் அப்பா. சொந்தமாக டி-ஷர்ட், சொந்தப் பெயரில்.

பெயர் வைத்தது அண்ணன். 'வனராஜா.' படம் வரைந்ததும் அவன்தான். மஞ்சள் உடம்பு, பழுப்புப் பிடரிமயிர், சிவந்த வாய் என்று பெரிய சிங்கம். அதை எடுத்துக்கொண்டு பிரிண்டிங் பட்டறைக்குப் போனார்கள்.

"நிறத்துக்கு ஒரு அச்சு ஸ்கிரீன். ஸ்கிரீனுக்குத் தனிக் காசு" என்றார் பட்டறைக்காரர்.

கையிலிருந்த பணம் முதல் நிறத்தோடு தீர்ந்துபோனது. முதல் நிறம் மஞ்சள். உடம்பு அச்சாகிவிட்டது. பிடரி இரண்டாவது ஸ்கிரீனில் வரவேண்டியது. ஆகவே வனராஜா பிடரி இல்லாமலே வந்து சேர்ந்தார்.

"பூனை நல்லாருக்கு" என்றாள் குருவி.

"வாயை மூடு" என்றான் அண்ணன்.

லேபிள் நெய்பவர் அதைவிட மோசம். "ஆயிரத்துக்குக் கம்மியா நாங்க நெய்யறதில்ல" என்று சொல்லிவிட்டார். டி-ஷர்ட் எண்பது. லேபிள் ஆயிரம். வெட்டாத நாடாச் சுருளாக வந்தது. நீளத்துக்கும் 'வனராஜா, வனராஜா, வனராஜா' என்று ஓடியது. மிச்சச் சுருள் அலமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

துணி மட்டும் கடன். துணிக்கடைக்காரர் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, அறைக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"மாசக் கடைசிக்குள்ள பாதிப் பணமாவது வந்தாகணும், மாஸ்டர். வரலேன்னா இந்த மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க. என் கழுத்தைப் பிடிக்கவும் ஆள் இருக்கு."

அந்த மெஷினில்தான் அம்மா மற்ற கடைகளுக்கும் கூலிக்குத் தைத்தார். வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் தார்ப்பாய் விரித்துக் கடை போட்டார்கள். முதலில் வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர்.

"மீடியம் சைஸ் குடுங்க."

அப்பா எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் சட்டைமேலேயே அதை மாட்டினார். தோள் தையல் முழங்கையை எட்டியது. கீழ்விளிம்பு முழங்காலைத் தொட்டது. அவர் கைகளை விரித்துக்கொண்டு தன்னையே குனிந்து பார்த்தார்.

"மாஸ்டர், இது உள்ளே வேற யாராவது இருக்காங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு சிறுமி படத்தைக் காட்டி "ஐ, பூனை!" என்றாள்.

"சிங்கம்!" என்றான் அண்ணன்.

"அப்போ பிடரி எங்கே?"

அண்ணன் அந்த டி-ஷர்ட்டைப் படம் உள்ளே போகும்படி மடித்து வைத்தான்.

அடுத்தவருக்கும் அப்படித்தான் தொளதொளவென்று தொங்கியது. அதற்கடுத்தவருக்கும். அப்பா அளவு நாடாவை எடுத்து ஒரு டி-ஷர்ட்டை அளந்தார். திரும்பவும் அளந்தார். பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா?" என்றாள் குருவி.

"மீடியம்தான் வெட்டினேன். ஆனா அவங்க மீடியம்."

"யாரோட மீடியம்?"

"கப்பல்ல போகுமே, அவங்களோடது."

இருபது வருஷம் வெட்டிய கை. அளவைப் பார்க்காமலே கத்தி ஓடும். அந்தத் தேசத்து மனிதர்கள் ஒருவரையும் அப்பா பார்த்ததில்லை. அவர்களுடைய தோள் அகலம் மட்டும் அவர் கைக்கு மனப்பாடம். புதுச் சரக்கு அழுக்காகிவிடும் என்று வீட்டிலும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

அன்று இரண்டு போயின. ஒன்று மறுநாளே திரும்பி வந்தது.

"ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சா?" என்று கேட்டார் அம்மா.

"படம் அகலம். பிடிச்சா மீசை அக்குளுக்குள்ள போயிடும்."

அதற்குப் பிறகு அப்பா அதிகம் பேசவில்லை. காலையில் வேலை தேடிப் போவார். மாலையில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அம்மா மெஷினைத் துடைக்கும்போது கொஞ்சம் அதிக நேரம் துடைத்தார். குருவி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

மாடியறையில் பெயிண்டர் மாமா இருந்தார். சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது ஏணி சறுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது. தோளுக்குக் கீழிருந்து விரல்வரை மாவுக்கட்டு. முழங்கை மடங்கியபடியே இறுகிக் கிடந்தது. அத்தை வேலைக்குப் போனபிறகு அவருக்குக் குடிதண்ணீர் எடுத்துக் கொடுப்பது குருவிதான்.

ஒருநாள் போனபோது மாமா வெறும் உடம்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு, கதவோரம் உட்கார்ந்திருந்தார். வெளியே தூறல். குளிரில் அவர் பற்கள் கிடுகிடுத்தன.

"ஏன் மாமா சட்டை போடல?"

"எந்தச் சட்டைக்குள்ள இந்தத் தூண் நுழையும்? விழுந்த அன்னிக்குப் போட்டிருந்ததை ஆஸ்பத்திரியில வெட்டி எறிஞ்சுட்டாங்க. இன்னிக்குக் கட்டைப் பார்க்க வரச் சொன்னாங்க. இப்படியே பஸ்ல ஏறினா எல்லாரும் என்னையே பார்ப்பாங்க. நான் போகல, குருவி. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

"போகலேன்னா கை சரியாகுமா?"

மாமா தூறலைப் பார்த்தார்.

குருவி கீழே ஓடினாள். அம்மா தைத்து முடித்ததைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தார். குருவி கட்டிலிருந்து ஒரு வனராஜாவை உருவினாள். யாரும் கேட்காத சரக்குதானே என்று தைரியம் சொல்லிக்கொண்டாள்.

மாமாவின் தலை நுழைந்தது. நல்ல கை நுழைந்தது. மாவுக்கட்டுக் கை பாதி போய், மடங்கிய முழங்கையில் மாட்டிக்கொண்டது.

"விடு குருவி. கிழிஞ்சிடும்."

கொஞ்சம்தான் இடம் போதவில்லை. குருவி கை ஓரத்தைப் பார்த்தாள். கையின் அடித்தையல் அப்படியே அக்குள் வழியாக இடுப்புக்கு இறங்குகிறது. எல்லாம் ஒரே தையல். எந்த நூலை வெட்டினால் அது கடகடவென்று கழன்றுவரும் என்று பிசிறு வெட்டுகிறவளுக்குத் தெரியும். தெரியாமல் அந்த நூலில் கத்திரி பட்டு எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறாள்!

"பிரிச்சா எங்கம்மா தோலை உரிச்சிடுவாங்க" என்றாள். சொல்லிக்கொண்டே இடுப்பில் செருகியிருந்த கத்திரியை எடுத்து வெட்டினாள்.

நூலைப் பிடித்து இழுத்தாள். கை ஓரத்திலிருந்து இடுப்புவரை சட்டை கதவு மாதிரி திறந்துகொண்டது. மாவுக்கட்டு எங்கும் இடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தது. இப்போது மூடவேண்டும். பித்தான் வைத்தால் மாமாவால் ஒரு கையால் போட முடியாது. நாடா இருந்தால் ஒரு நுனியைப் பல்லில் கடித்தாவது கட்டிக்கொள்வார்.

கீழே, அலமாரிக்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் நாடா கிடந்தது.

மறுபடியும் ஓடிப்போய் லேபிள் சுருளையும் ஊசி நூலையும் எடுத்துவந்து, துண்டுதுண்டாக வெட்டினாள். ஊசியால் சட்டையின் இரு பக்கமும் வைத்துத் தைத்து, முடிச்சுப் போட்டுவிட்டாள். விலாவோரம் வரிசையாக முடிச்சுகள். ஒவ்வொரு நுனியிலும் 'வனராஜா, வனராஜா.'

மாமா தன்னைப் பார்த்துக்கொண்டார். "பூனை அழகா இருக்கு."

"சிங்கம் மாமா."

"சரி, சிங்கம்." துண்டைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

மாலையில் அம்மா கட்டுகளை எண்ணி அடுக்கும்போது ஒரு டி-ஷர்ட் குறைந்தது. குருவி எல்லாவற்றையும் சொன்னாள். நூலை வெட்டியதையும் மறைக்கவில்லை.

அம்மா கையை ஓங்கினார். குருவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடி விழவில்லை.

"பழையதா குடுத்திருக்கலாம்ல? புதுச் சரக்கைப் பிரிச்சிருக்கே. அதைத் தைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா?" அம்மா மெஷின்மேல் கையை வைத்தார். "மெஷின் போகப்போகுது. இவ தானம் பண்றா."

குருவி மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அழக்கூடாது என்று லேபிள் சுருளின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

விளக்குப் போடும் நேரத்தில் பெயிண்டர் மாமா வந்து நின்றார். நனைந்திருந்தார்.

"அக்கா, இந்த மாதிரி இன்னும் இருக்கா?"

அம்மா விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஆஸ்பத்திரியில கட்டுப் போடற வார்டுல உக்காந்திருந்தேன். ஒருத்தன் போர்வையோட, ஒருத்தன் துண்டோட. ஒரு அம்மா பாவம், ஜாக்கெட்டை ஒரு பக்கம் கிழிச்சு விட்டுக்கிட்டு, புடவையால மூடிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எல்லாரும் என்னைச் சுத்திக்கிட்டாங்க. கட்டுப் போடறவரு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாரு. 'கையை அசைக்காம கழட்டலாமே, யாரு தைச்சது?'ன்னு கேட்டாரு. இந்தாங்க, நாலு பேரு முன்பணம் குடுத்தாங்க."

அவர் கசங்கிய நோட்டுகளை மெஷின்மேல் வைத்தார்.

அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். எழுந்து வந்தார். மாமாவின் விலாவோரம் குனிந்து, தையல் பிரிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நம்ம அளவுல வெட்டியிருந்தா இந்தக் கட்டு உள்ளயே போயிருக்காது" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியே பல நாள் ஆகியிருந்தது.

அம்மா நோட்டுகளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார். "குருவி, இனிமே கையால தைக்காதே. கோணலா இருக்கு. நீ பிரி. நான் நாடா வெச்சுத் தரேன்."

அதன்பிறகு ஆஸ்பத்திரி வாசலில் கடை. அண்ணன் அட்டையில் 'மாவுக்கட்டுக் கைக்குச் சட்டை' என்று எழுதினான். வலக்கை உடைந்தவர்களுக்கு வலப்பக்கம், இடக்கை உடைந்தவர்களுக்கு இடப்பக்கம் திறக்கும். கால் உடைந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லா நாளும் விற்கவில்லை. சில நாள் ஒன்றுகூடப் போகாது. அப்படி ஒருநாள் குருவி வாசலில் வந்து நிற்கும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே திக்கென்றது.

"அம்மா, யாராவது கை உடைஞ்சு வரமாட்டாங்களான்னு பார்க்கறேன். தப்புதானே?"

அம்மா ஒரு சட்டையின் நாடாக்களை நீவிவிட்டார். "விழறவங்க நம்மைக் கேட்டுட்டு விழறதில்ல. நீ நினைக்காதே. சட்டையை மட்டும் தயாரா வெச்சிரு."

மாசக் கடைசியில் துணிக்கடைக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். மெஷினைத் தூக்கும் ஆட்கள். அப்பா பணத்தைக் கொடுத்தார். துணிக்கடைக்காரர் விரலை நனைத்து எண்ணினார்.

"பாதிக்கு ஒரு நூல் மேலேயே இருக்கு. நான் நினைக்கல, மாஸ்டர்." ஆட்களைப் பார்த்து, "போங்கடா" என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார். "மீதி?"

"தரேன்" என்றார் அப்பா.

துணிக்கடைக்காரர் போனதும் அப்பா அளவு நாடாவை எடுத்தார். முதலில் அண்ணனின் தோளை அளந்தார். பிறகு பெயிண்டர் மாமாவைக் கீழே கூப்பிட்டு அளந்தார். தெருவில் போன கண்டக்டரையும் நிறுத்தி அளந்தார். "இந்தத் தடவை எனக்கு மட்டும் இடம் விடுங்க, மாஸ்டர்" என்றார் கண்டக்டர். அப்பா சிரித்துவிட்டார்.

அம்மா மெஷினுக்கு எண்ணெய் விட்டார். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

குருவி கத்திரியை எடுத்தாள். கட்டைவிரல் இன்னும் வலித்தது. துணிக்கடைக்காரருக்கு இன்னும் ஒன்பதாயிரம் தரவேண்டியிருந்தது.