உட்காரக் கூடாத மாடி

மூன்றாம் மாடியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனாலும் கூரை மூலையிலிருந்த வெள்ளைக் கெமராவுக்குள்ளிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"யாரது, சாரி ரேக்குக்குப் பின்னால உட்கார்ந்திருக்கிறது? எழும்பச் சொல்லுங்க."

சஞ்சீவனி மடித்துக்கொண்டிருந்த சேலையோடு திரும்பினாள். பர்ஹானா ஜன்னலோரம் நின்று விலைச்சீட்டு குத்திக்கொண்டிருந்தாள். அந்த மாடியில் அவர்கள் இரண்டு பேர்தான் வேலை.

"ரெண்டு பேரும் நிக்கிறோம் சேர்."

"எனக்குக் கண் தெரியாதா? இன்னைக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போங்க."

கெமரா ஒருமுறை கரகரத்து அடங்கியது.

முதலாளி கண்டியில் கடை வைத்திருந்தாலும் அம்பிட்டியவில் வீட்டுக் கதிரையில் சாய்ந்தபடி, கைத்தொலைபேசியில்தான் கடையைப் பார்ப்பார். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. ஒருத்தி உட்கார்ந்தால் அந்த மாடி முழுவதும் பிந்திப் போக வேண்டும். அதனால் முதலாளி பார்க்காத நேரத்திலும் அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"உண்மையச் செல்லு சஞ்சீ, குந்தினது நீதானே?"

"நான் எங்கடி உக்காந்தேன்? நீதான் ரேக்குப் பக்கம் போன."

"ஊசி தேடப் போன. எனக்கு முழங்கால மடக்கவே மறந்துபோச்சு, இதில குந்துறதாம்!" பர்ஹானா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் கண்கள் சஞ்சீவனியின் இடுப்பில் ஒரு கணம் தங்கின.

அந்தக் கணத்தை சஞ்சீவனி புசல்லாவையில் வீடு போய்ச் சேரும் வரை பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனாள். அவளுக்கு ஐந்தாம் மாதம். கடையில் யாருக்கும் தெரியாது. உள்பாவாடையை ஏற்றிக் கட்டி, சீருடைச் சேலையின் மடிப்பை அகலமாக வைத்து மறைத்திருந்தாள். வயிறு தெரிந்த மறுநாளே முதலாளி ஏதாவது குற்றம் கண்டுபிடித்து நிற்பாட்டிவிடுவார். இரண்டு பேரை அப்படி அனுப்பியிருந்தார். கணவன் யுகேஷ் லொறியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தான். அந்த வீட்டில் வேலைக்கு நடக்கக்கூடிய கால்கள் அவளுடையவை மட்டும்தான்.

பர்ஹானா சொல்லிவிட்டாளோ? நாளுக்கு நாள் பிந்த வைத்து, களைக்க வைத்து, தானாகவே நின்றுபோகச் செய்கிற யோசனையோ?

செவ்வாய்க்கிழமை குரல் மறுபடி வந்தது. "தூணடியில யாரு?" வியாழக்கிழமை, "கண்ணாடிக்குக் கீழ கால நீட்டிக்கிட்டு இருக்கிறது யாரு?" ரேக், தூண், கண்ணாடி. ஒவ்வொன்றும் முந்தியதைவிட சஞ்சீவனி நிற்கும் மேசைக்குக் கொஞ்சம் கிட்ட.

அவள் பர்ஹானாவோடு பேசுவதைக் குறைத்தாள். பர்ஹானாவும் தேத்தண்ணியைத் தனியாகக் குடித்தாள். பேச்சில்லாத அந்த மாடியில் புதுத்துணியின் கஞ்சி வாசமும் பூச்சி உருண்டை வாசமும் கலந்து கிடக்க, அவற்றுக்கு அடியில் ஈர இரும்பைப் போல வேறொன்றும் மணத்தது. காற்றே இல்லாமல் பொலித்தீன் உறைகள் சரசரத்தன. நெடுநேரம் நின்று கால் ஓய்ந்தவள் கடைசியில் உட்காரும்போது விடுகிற நீண்ட மூச்சு, மேசைக்கு அந்தப் பக்கம் தரையோடு தரையாகக் கேட்டது.

அந்த மூச்சை அவளுக்குத் தெரியும்.

பெரஹெராத் திருவிழா வியாபாரத்தின்போது இதே மாடியில் துஷானி என்றொரு பிள்ளை இருந்தாள். நான்கு மாதக் கர்ப்பம். சஞ்சீவனியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அன்று பின்னேரம் ரேக்கின் மறைவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இதே போல மூச்சு விட்டாள்.

"அஞ்சு நிமிசம் அக்கா. அடிவயிறு இழுக்குது."

சஞ்சீவனி மணிக்கூட்டைப் பார்த்தாள். பெரஹெராவுக்கு வீதி மூடுகிற நாள்; பிந்தினால் குட்ஷெட் பஸ் நிலையத்தில் புசல்லாவை பஸ் இருக்காது. "எழும்பு பிள்ள, ஒன்னால எல்லாருக்கும் பஸ் போயிரும்" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, ஸ்டூலை எட்டாத தட்டில் ஏற்றி வைத்தாள். துஷானி மூன்று மணித்தியாலம் நின்றாள். கடை பூட்டுகிற நேரத்தில் விரித்திருந்த சேலைகளின் மேல் சரிந்தாள். இரத்தம் நிற்கவேயில்லை, விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். முதலாளி செத்த வீட்டுக்கு மலர்வளையம் அனுப்பினார். மறுநாள் மூன்றாம் மாடியின் பழைய கெமராவைக் கழற்றிவிட்டு, பேசுகிற கெமராவைப் பூட்டினார்.

ஸ்டூல் விஷயத்தை சஞ்சீவனி யாரிடமும் சொல்லவில்லை. யுகேஷிடம்கூட.

சனிக்கிழமை மழை. நாலு மணிக்கே மாடி இருண்டுவிட்டது. கீழே கூட்டம் என்று பர்ஹானாவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். படியில் இறங்கப் போனவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"சஞ்சீ, நான் ஒண்டும் ஆருக்கும் செல்லல்ல. உன்ட வயித்த நான் எப்பவோ கண்ட." குரலைத் தாழ்த்தினாள். "முடியாட்டி குந்து. பிந்தினா நானும் நிக்கிறன்."

செருப்புச் சத்தம் படிகளில் இறங்கித் தேய்ந்தது. ஒரு வாரமாக அவளைச் சந்தேகித்ததை நினைத்து சஞ்சீவனிக்கு வெட்கமாயிருந்தது. பிறகு, அவள் இல்லையென்றால் வேறு யார் என்ற எண்ணம் வந்தது.

கெமரா கரகரத்தது.

"சஞ்சீவனி."

"சேர்."

"நீ நிக்கிறதானே?" அதட்டல் இல்லை. அந்தக் குரலில் அதட்டல் இல்லாமல் அவள் கேட்டதேயில்லை.

"நிக்கிறேன் சேர்."

மழை. முதலாளியின் மூச்சு. மறுபடி மழை.

"அப்ப ஒன் காலடியில இருக்கிறது யாரு?"

அவள் குனியவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு ஆணி. அதையே பார்த்தாள்.

"என்ன செய்யுது சேர்?"

"அது..." குரல் உடைந்தது. "முட்டி போட்டு... ஒன் வயித்துல காத வச்சிருக்கு."

பொலித்தீன் சரசரப்பு நின்றது.

"ஒன் வயித்துல என்ன?" என்று கேட்டார் முதலாளி.

பொய் சொல்ல வேண்டும். வேலை. யுகேஷ். வாயைத் திறந்தாள்.

கெமரா அணைந்தது. அவரே அணைத்துவிட்டார்.

இப்போது யாரும் பார்க்கவில்லை. உட்காரலாம். அவள் நின்றாள்.

சேலை மடிப்பு மெல்லக் கீழே இழுபட்டது. பிறகு சூடு. துணியின் மேல், தொப்புளுக்குக் கீழே, காய்ச்சல்காரியின் கன்னத்துச் சூடு.

"பிள்ள," என்றாள். "துஷானி. தெரியாம செஞ்சிட்டேன்டி."

அந்தச் சூடு இன்னும் அழுந்தி, காது வைத்துக் கேட்டது.

அப்போதுதான் உள்ளே குழந்தை அசைந்தது. முதல் அசைவு. இடப்பக்கம், ஒரு சின்ன உதை.

உதைத்த அதே இடத்தில், வெளியிலிருந்து, ஒரு விரல் இரண்டு தரம் தட்டியது.