ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கை

அவள் காலடியில் ஒரு கை வந்து விழுந்தது.

மழைக்குப் பயந்து அவசரமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவள் அவள்தான். அட்டைப்பெட்டியோடு எதிரே வந்தவனை இடித்ததும் அவள்தான். பின்னால் வந்த அம்மா "ஐயையோ!" என்று அலறிய அலறலில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். அவள் மட்டும் நிதானமாகக் குனிந்து, வலது கையால் அதை எடுத்து நீட்டினாள்.

"உங்க கை கீழ விழுந்துடுச்சு."

"என்னோடது இல்லீங்க. ஒரு வாத்தியாரோடது. சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போவாரு."

சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான்... சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. மற்றவர்கள் எல்லாம் முதலில் அவளுடைய இடது சட்டைக்கையின் காலியான நுனியைப் பார்ப்பார்கள். இவன் நேராக முகத்தைப் பார்த்தான். நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை, மழை சொட்டும் இமைகளை... போதும் போதும் என்று அவளே தலை குனிந்துகொள்ளும் அளவுக்கு.

செயற்கைக் கை கால் செய்யும் பட்டறை அது. கைகளுக்கு உருவமும் நிறமும் கொடுப்பது அவன் வேலை. அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். இரண்டு வருடத்துக்கு முன்னால், காகிதம் வெட்டும் இயந்திரம் அவள் இடது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. அச்சகத்து முதலாளி ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

இல்லாத கையைச் செய்ய இருக்கிற கைதான் மாதிரி. அவள் வலது கையை அச்செடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து மெழுகில் இடது கையாகத் திருப்பிச் செதுக்கினான். அப்புறம் சிலிக்கானில் வார்த்து நிறம் சேர்க்க வேண்டும். அதற்காக ஜன்னலோரம் உட்கார வைத்து, அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்தான். ஐந்து வாரம்... அந்த விரல்கள் இத்தனை கவனிப்பை அதுவரை கண்டதில்லை.

"இவ்வளவு நேரமா அப்படி என்ன பார்க்கிறீங்க?"

"நகத்தை. சுண்டு விரல் நகத்தைக் கடிக்கிறீங்க. அந்தக் கையிலயும் கடிச்ச மாதிரியே வெச்சிடட்டுமா?"

"வேணாம். ஒரு கைக்குக் கெட்ட பழக்கம் இருந்தா போதும்."

அவன் சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே பேருந்தில் வரும்போது பேச்சு யோசித்து வைத்துக்கொள்வாள், அசட்டுப் பெண்!

கடைசி முறை அம்மாவும் கூட வந்தாள். அவன் இரண்டு துண்டு சிலிக்கானைக் காட்டி வழக்கம்போலக் கேட்டான்.

"வெயில்ல ஒரு நிறம் தெரியும், டியூப்லைட்டுல வேற தெரியும். நீங்க எந்த வெளிச்சத்துல அதிகம் இருப்பீங்க?"

அம்மா முந்திக்கொண்டாள். "டியூப்லைட்டுதான் தம்பி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க ஹால்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. கை விஷயம் அவங்ககிட்ட சொல்லல. கல்யாணம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்."

அவன் தூரிகையைக் கீழே வைத்தான்.

"அம்மா, நான் ஒருத்தர் போட்டுக்கறதுக்குத்தான் கை செய்யறேன். இன்னொருத்தரை ஏமாத்தறதுக்கு இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. "ரெண்டு கையும் இருக்கறவங்க என்ன வேணும்னாலும் பேசலாம்."

"சரிங்க. டியூப்லைட்டுக்கே கலந்துடறேன்." அதற்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தான்.

வீடு வரும்வரை அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் சந்தோஷம். மறைக்காதே என்று சொல்ல ஒருத்தனாவது இருக்கிறானே... அவனுக்கு இந்தக் கை ஒரு பொருட்டே இல்லையோ?

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கை அச்சு அசலாக இருந்தது. தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனபோது ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளை நல்லவன்தான் போலிருந்தது. கூச்சத்தோடு குனிந்து, "உங்க விரல் ரொம்ப அழகா இருக்கு" என்றான், இடது கையைப் பார்த்து.

அவள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அதைக் கழற்றினாள். தட்டில், கோப்பைகளுக்கு நடுவே வைத்தாள். அவர்கள் தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

"என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி!" என்ற அம்மா, அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

மறுநாள் காலை, அதே மழையில் பட்டறைக்குப் போனாள். கை கைப்பையில் இருந்தது. அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"நேத்து உங்க அம்மா போன் பண்ணி என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க. அவங்க திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அந்த இடம் போயிடுச்சுன்னு தெரிஞ்சுது இல்ல..." காது மடல் சிவக்க நிறுத்தினான். "உங்களைக் கட்டிக்க ஆசைப்படறேன். உடனே எங்க வீட்டுல சொல்லிட்டேன். அம்மாவுக்கும் அக்காவுக்கும் ரொம்ப சந்தோஷம்."

அவளுக்கு உலகமே ஒரு நிமிடம் லேசாயிற்று. நிஜமாகவா... தனக்கா?

"கையைப் பத்தி என்ன சொன்னாங்க?"

அவன் மேசையில் இல்லாத கறையைத் துடைத்தான்.

"அதை... இன்னும் சொல்லல. அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. நான் செஞ்ச கைதானே, பக்கத்துல வந்து பார்த்தாலும் தெரியாது. கல்யாணம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்."

அம்மாவின் வார்த்தைகள், ஓர் எழுத்து மாறாமல். பிழை திருத்துகிறவளுக்குத் தெரியாதா?

"இப்பவே உங்க வீட்டுக்கு வரேன். கை மாட்டாம, இப்படியே. கூட்டிட்டுப் போறீங்களா?"

அவன் வாசலைப் பார்த்தான். மழையைப் பார்த்தான்.

"கொஞ்சம் டைம் குடுங்க..."

அவள் குடையை எடுத்துக்கொண்டாள். கண்ணில் நிறைந்ததைத் துடைக்கக் கை இல்லை, இருந்த கையில் குடை இருந்தது. கதவருகே போய்த் திரும்பினாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. நேத்து நான் அதைக் கழட்டினது ஏதோ பெரிய நேர்மைன்னு நினைச்சுக்காதீங்க. என்னை இப்படியே ஏத்துக்க ஒருத்தர் இருக்காருன்னு நம்பித்தான் கழட்டினேன். உங்களை நம்பித்தான்..."